வினோஜாவின் கடிதத்தில் நான் வைத்த பதினேழு சொற்கள்

ஓய்வூதியம் எடுத்தவர்களுக்குச் சீனி வருத்தம் வரும், முழங்கால் நோவு வரும். எனக்கு வந்தது சொல் வருத்தம். முல்லைத்தீவுக் கரையோரத்து உபதபாலகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் முத்திரை குத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகன் அனுப்பிய போனைத் தடவிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஆங்கிலேயர் முந்நூறு நானூறு வருடங்களுக்கு முன் பாவித்துவிட்டு எறிந்த சொற்களின் பட்டியல் ஒன்று கண்ணில் பட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. ஒரு கிழமை நான் காற்றைக் குடித்து வாழ்ந்தேன் என்றால் என் மனைவி ஸ்ரெல்லா மறுப்பாள், அவளை விடுங்கள்.

‘குரோக்’ என்று ஒரு சொல். ஒருவர் சாப்பிடும்போது நமக்கும் தருவார் என்று அவருடைய சாப்பாட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது பெயர். எங்கள் வீட்டு நாய் இத்தனை வருடமாக இங்கிலீஸில் நடந்துகொண்டிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை! ‘ஃபஜெல்’ என்றால் வேலை செய்வதுபோல் நடித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது. முப்பத்தொரு வருடம் நான் பார்த்த உத்தியோகத்தின் சரியான பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது. ‘ஓவர்மோரோ’ என்றால் நாளை மறுநாள். நாங்கள் இன்றைக்கும் ‘நாளையிண்டைக்கு’ என்று வாய் நிறையச் சொல்கிறோம். அவ்வளவு பெரிய சாம்ராச்சியம் அந்த ஒரு சொல்லைத் தொலைத்துவிட்டு நாலைந்து சொற்களைக் கோத்துக் கஷ்டப்படுகிறது. இப்படி இரண்டு சீ.ஆர். கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தேன்.

ஊரில் யாருக்கு இங்கிலீஸில் கடிதம் தேவையென்றாலும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். கூலி இல்லை. கடிதத்துக்கு ஒரு பழைய சொல்லை, கறிக்குக் கறுவாப்பட்டை போடுவதுபோல், உள்ளே போட்டுவிடுவேன். அதுதான் என் கூலி. வங்கி முகாமையாளர் ஒருவர் ஒரு சொல்லின் அர்த்தம் தெரியாமல் மூன்று இரவு நித்திரை கொள்ளாமல், மோட்டார் சைக்கிளில் என் வீட்டுப் படலைக்கே வந்து கேட்டார். சரி, ஒரு இரவு என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் வினோஜாவின் கடிதத்தில் பதினேழு போட்டேன்.

வினோஜா எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. முப்பத்தொரு வயது. விடியற்காலையில் படகுகள் கரைக்கு வந்ததும் வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் முறியாமல் கழற்றிக் கொடுப்பது அவளுடைய வேலை. அவளுடைய விரல்கள் போகும் வேகத்தில், தான் பிடிபட்டதே நண்டுக்கு ஐந்து நிமிடம் கழித்துத்தான் தெரியவரும். இங்கிலீஸ் படிக்கிற வயதில் சண்டைக்குப் பயந்து ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தவள். ஆகவே அந்தப் பாடம் அவளோடு ஒட்டவில்லை. கணவன் மெல்ரொன் குளிர் நாடு ஒன்றில் களஞ்சியத்தில் வேலை செய்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் பெப்ரவரியில் வந்து எங்கள் கோயிலில் அவளைக் கலியாணம் முடித்து, ஒரு மாதம்கூட நிற்காமல் திரும்பிப் போனான். அவளைத் தன்னிடம் கூப்பிட விண்ணப்பம் போட்டான். கலியாணம் உண்மையா, விசாவுக்குக் கட்டிய வேஷமா என்று அந்த நாட்டுக் குடிவரவு அலுவலகம் பார்க்கும். அதற்குக் கணவன் ஒரு கடிதமும் மனைவி ஒரு கடிதமும் எழுதவேண்டும்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, கதிரையின் நுனியில் இருந்துகொண்டு வினோஜா தன் காதல் வரலாற்றை எனக்குச் சொன்னாள்.

“பாத்தன், பிடிச்சுது. முடிச்சம். மூண்டு கிழமைக்குக் கொஞ்சம் கூட நிண்டார். எயார்போட்டில விட்டிட்டு வந்தன். ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறார். அவரிட்டப் போகவேணும்.”

“அவ்வளவுதானா பிள்ளை?”

“வேற என்ன மாஸ்ரர்? அவ்வளவுதான்.”

இதை வாசித்து எந்த வெள்ளைக்காரன் உருகுவான்? மூன்று பக்கம் எழுதினேன். மெல்ரொனை ‘ஸ்நௌட்ஃபேர்’ ஆக்கினேன். வடிவான முகம் உள்ளவன் என்பதற்கு அந்தக் காலத்துச் சொல். கலியாணச் சாப்பாட்டில் அவன் அவளுடைய கோப்பையைக் ‘குரோக்’ செய்தான் என்றேன். அவள் அவனுக்காக ஓவர்மோரோ ஓவர்மோரோ என்று ஏங்கினாள் என்றேன். கடைசியில், ‘இதை என் சொந்தச் சொற்களில் நானே எழுதினேன்’ என்று ஒரு வசனம் போட்டு, “வழமையான வசனம் பிள்ளை, கையெழுத்தை வை” என்றேன். வைத்தாள்.

ஏழு மாதம் கழித்து, ஒரு காலை, வெறுங்காலோடு, கை முழுக்க நண்டு வெடில் மணத்தோடு எங்கள் முற்றத்தில் வந்து நின்றாள்.

“மாஸ்ரர்! என்ன கோதாரியை எழுதி வைச்சனீங்கள்?”

போனை நீட்டினாள். குடிவரவு அலுவலகம் மெல்ரொனுக்கு அனுப்பிய மின்னஞ்சல். நான் வாசித்தேன். மனைவியின் கடிதத்திலுள்ள மொழி அவருடைய கல்விக்குப் பொருந்தவில்லை. இரண்டு கடிதங்களுக்கும் இடையில் முரண்பாடு உண்டு. பதினெட்டாம் திகதி மாலை ஐந்தரைக்குக் கணினி வழியாக நேர்முகம். விண்ணப்பதாரி அறையில் தனியாக இருக்கவேண்டும். மொழிபெயர்ப்பாளர் இருப்பார். பொய்த் தகவல் கொடுத்ததாகத் தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஐந்து வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

“அஞ்சு வருசம்,” என்றாள் வினோஜா. “எனக்கு முப்பத்தாறு ஆகீடும் மாஸ்ரர். அதுக்குப் பிறகு நான் அங்க போய் ஆற்ர பிள்ளையைத் தூக்கிறது?”

குசினியிலிருந்து ஸ்ரெல்லா அகப்பையோடு வந்தாள். “எத்தினை தரம் சொன்னனான், உந்தக் கொப்பியளை அடுப்புக்க வைக்கப்போறன் எண்டு! ஊரில இருக்கிற ஆக்களுக்கெல்லாம் ஒண்டு ஒண்டாப் போட்டனீங்கள், சரி. இந்தப் பிள்ளைக்கு ஏன் மூட்டையைக் கொட்டினனீங்கள்?”

“உண்மையைச் சொல்லிப் போடட்டே?” என்றாள் வினோஜா. “நான் எழுதேல்லை, மாஸ்ரர்தான் எழுதினவர் எண்டு?”

நியாயமான கேள்வி. அதற்கு நான் சொன்ன பதிலுக்காக, செத்த பிறகு எனக்கு உத்தரிக்கிற தலத்தில் தனி அறை ஒன்று பூட்டி வைத்திருப்பார்கள்.

“கையெழுத்து வைச்சிருக்கிறாய் பிள்ளை. நீ எழுதேல்லை எண்டால் அந்தக் கையெழுத்தே பொய். சொல்லு பதினேழுதானே? ஒன்பது நாள் இருக்கு. பாடமாக்கு.”

பாடமாக்கினாள். வலைக்கு முன்னால் இருந்து ஒவ்வொரு நண்டுக்கும் ஒரு சொல்லாக முணுமுணுத்தாள். பக்கத்துப் பெண்கள் அவள் செபமாலை சொல்கிறாள் என்று நினைத்து ‘ஆமென்’ போட்டார்களாம். ஐந்தாம் நாள் பின்னேரம் என்னிடம் ஒப்புவிக்க வந்தாள். பதினைந்தையும் தண்ணிபோல் சொன்னாள். பதினாறாவதில் நின்றாள்.

“டெலிக்வியம் எண்டால்?”

‘விமான நிலைய வாசலில் நான் டெலிக்வியம் அடைந்தேன்’ என்று அவள் பெயரில் எழுதியிருந்தேன். அதாவது மயங்கி விழுந்தேன் என்று. அவள் அப்படிச் சொல்லவே இல்லை. ‘எயார்போட்டில விட்டிட்டு வந்தன்’ என்ற மூன்று சொல் எனக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

“அது, எயார்போட்டில நீ பட்ட பாடு, பிள்ளை.”

“நான் என்ன பாடு பட்டனான்? அண்டைக்கு நான் அவரோட வாயே திறக்கேல்லை. வவுனியாவில இருந்து கட்டுநாயக்கா மட்டும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை.”

“ஏன்?”

“அது எங்கட பிரச்சினை.”

என் தலையில் மிச்சமிருக்கிற பதினொரு மயிரும் எழுந்து நின்றன. ‘முரண்பாடு’ என்று மின்னஞ்சலில் இருந்தது இதுதானோ? அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு தந்தியைக்கூடப் பிழையாகக் கொடுக்காதவன் என்ற பெயர் குறுக்கே நின்றது.

“டெலிக்வியம் எண்டால் பெருங்கவலை” என்றேன்.

“பெருங்கவலை,” என்று சொல்லிக்கொண்டே அவள் போனாள்.

அன்றிரவே மெல்ரொனுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தேன்.

“தம்பி, உம்மட கடிதத்தில எயார்போட்டைப் பற்றி என்ன எழுதினனீர்?”

“உள்ளதைத்தான் மாஸ்ரர். அவள் கோவத்தில என்னோட கதைக்கேல்லை, திரும்பியும் பாக்கேல்லை எண்டு எழுதினனான். ஏன்?”

“சும்மாதான்” என்று வைத்துவிட்டேன். ஒருவன் திரும்பியும் பார்க்கவில்லை என்கிறான், மற்றவள் மயங்கி விழுந்தேன் என்கிறாள். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி எங்கோ பனிக்குள் இருக்கிறார். மிச்ச நாட்களில் மூன்று தரம் வினோஜாவின் படலைவரை போனேன். மூன்று தரமும் அவள் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து பதினேழையும் ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினாள். மூன்று தரமும் “கெட்டிக்காரி” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

பதினெட்டாம் திகதி. மீன்பிடிச் சங்கத்தின் அலுவலக அறையில்தான் ஒழுங்கான இணைய இணைப்பு இருக்கிறது. சங்கச் செயலாளர் திறப்பைத் தந்துவிட்டுப் போய்விட்டார். வினோஜா கலியாணத்துக்கு இரண்டாம் நாள் உடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, லப்டொப்புக்கு முன்னால் விறைத்துப்போய் இருந்தாள். ஸ்ரெல்லாவும் நானும் வெளியே யன்னலுக்குப் பக்கத்தில் மர வாங்கில் இருந்தோம். சத்தம் துலக்கமாகக் கேட்டது. வெள்ளைக்கார அதிகாரி மெதுவாகக் கதைத்தார். உரத்துக் கதைத்திருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். பிறகு ஒரு பெண்ணின் குரல்.

“வணக்கம் அம்மா. நான் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி சொல்றதை நான் அப்பிடியே உங்களுக்குச் சொல்லுவன். அறையில வேற ஆரும் இருக்கினமோ?”

“இல்லை.”

“கமராவைச் சுத்திக் காட்டச் சொல்றார்.”

நான் யன்னலுக்குக் கீழே குந்தினேன். அறுபத்தாறு வயதுக்காரன் தானாகக் குந்தலாம், எழும்ப இன்னொருவர் வேண்டும். ஸ்ரெல்லா வாங்கில் அசையாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அரசாங்கம் வைத்த சிலைபோல.

“ஸ்நௌட்ஃபேர் எண்டு எழுதியிருக்கிறியள். அப்பிடியெண்டால் என்ன?”

“வடிவானவர்.”

“உங்கட புருசன் வடிவானவரோ?”

“பரவாயில்லை.”

பிறகு ஓவர்மோரோ வந்தது, சரியாகச் சொன்னாள். குரோக் வந்தது, சொன்னாள். என் பயம் மெல்ல இறங்கத் தொடங்கியபோது அடுத்தது வந்தது.

“அப்பிரிசிற்றி?”

“பனிக்காலத்தில வெயில் மேல படேக்க வாற சூடு.”

“உங்கட ஊரில பனி பெய்யுமோ?”

“இல்லை.”

“அப்ப இந்தச் சொல்லை எங்க படிச்சனீங்கள்?”

ஒன்று, இரண்டு, மூன்று... நான் பத்துவரை எண்ணினேன். “அங்க வந்தால் தேவைப்படும் எண்டு படிச்சனான்” என்றாள். எழுந்து கைதட்டியிருப்பேன், முழங்கால் விட்டிருந்தால்.

“இப்ப ஒரு சின்ன விசயம் அம்மா. உங்கட பேரையும் வேலையையும் இங்கிலீஸில சொல்லச் சொல்றார்.”

“மை நேம் இஸ் வினோஜா. மை வேர்க்...” குரல் தடக்கியது. “மை வேர்க்... நண்டு.”

நண்டை மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தார். அதிகாரி ஏதோ தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் நீண்டநேரம் கேட்டது. நாலு நூற்றாண்டுச் சொற்களைப் பாடமாக்க வைத்த எனக்கு, நண்டுக்கு இங்கிலீஸ் சொல்லிக் கொடுக்கத் தோன்றவில்லை.

“அம்மா, எயார்போட்டில டெலிக்வியம் அடைஞ்சதா எழுதியிருக்கிறியள்.”

“ஓம். பெருங்கவலை.”

“அதிகாரி அகராதியில பாத்திருக்கிறார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் மயங்கி விழுறது. நீங்கள் மயங்கி விழுந்தனீங்களோ?”

கரையில் யாரோ படகு எஞ்சினை இழுத்துப் பார்த்தார்கள். அது பிடிக்காமல் இழுபட்டது, மறுபடி இழுபட்டது.

“அம்மா?”

“இல்லை. நான் விழேல்லை.”

“உங்கட புருசன், நீங்கள் அவரோட கதைக்கவே இல்லை, திரும்பியும் பாக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறார். ரெண்டில ஒண்டு பொய். எது பொய் எண்டு கேக்கிறார். இதுக்கு நீங்கள் சொல்ற பதிலை வைச்சுத்தான் முடிவெடுப்பாராம்.”

ஸ்ரெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது வருடக் கலியாணத்தில் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இது கூட்டிச் சொன்னதல்ல.

அப்போது உள்ளேயிருந்து, வலைக்கு முன்னால் கேட்கிற அதே குரலில், வினோஜா சொன்னாள்:

“என்ர கடிதம்தான் பொய். நான் எழுதேல்லை. எழுதினது எங்கட ஊர்ப் போஸ்ற் மாஸ்ரர். இஞ்சதான், யன்னலுக்குக் கீழ குந்திக்கொண்டிருக்கிறார். எழும்புங்கோ மாஸ்ரர்.”

எழும்பினேன். யன்னல் கம்பியைப் பிடித்து, ஸ்ரெல்லா பின்னால் தள்ள, முதலில் என் மொட்டை, பிறகு கண்ணாடி, பிறகு மிச்சம் எல்லாம் அந்தக் கமராவுக்குள் உதித்தது. திரையில் ஓர் இளைஞன். என் மகனைவிடச் சின்னவன். அவன் சிரிக்கவில்லை.

“உள்ளுக்கு வரச் சொல்றார்,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “கடிதத்தை ஒவ்வொரு வசனமா வாசிப்பார். அந்த அம்மா சொன்னது எது, நீங்கள் சேத்தது எது எண்டு சொல்லவேணுமாம்.”

மூன்று பக்கம். முதலாம் வசனம்: நான் சேர்த்தது. இரண்டாம் வசனம்: நான் சேர்த்தது. ‘அவரைப் பார்த்தேன், பிடித்தது’: அவள் சொன்னது. அதற்குப் பிறகு பதினொரு வசனம் நான். என் அருமையான சொற்கள் ஒவ்வொன்றாக, மீன் செதில்போல், அந்த மேசையில் உதிர்ந்தன. முடிவில் மிஞ்சியது அவள் கதிரை நுனியில் இருந்து சொன்ன அந்தச் சின்னக் கதைதான். என் வாழ்நாளில் கூட்டாமல் குறைக்காமல் நான் தொடர்ந்து பேசிய இருபது நிமிடம் அதுதான்.

“டெலிக்வியம்?”

“நான்தான்,” என்றேன். “அர்த்தத்தையும் அவவுக்கு மாத்திச் சொன்னனான். அவவுக்குத் தெரியாது.”

வினோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுதமாட்டேன்.

“சரி அம்மா,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “கலியாணம் முடிச்சு மூண்டு கிழமை. புருசன் பிரிஞ்சு போறார். நீங்கள் திரும்பியும் பாக்கேல்லை. விருப்பமில்லாத கலியாணமோ எண்டு கேக்கிறார்.”

“அப்பிடியில்லை!”

“அப்ப என்ன நடந்தது?”

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “எயார்போட்டுக்குப் போற வான் வவுனியாவில நிண்டது. பஸ் ஸ்ராண்டுக்கு முன்னால ஒரு கடை. நான் பிளேன்ரீ மட்டும் குடிச்சன். இவர் மட்டன் ரோல்ஸ் திண்டார்.”

“அதுக்கு?”

“அண்டைக்கு வெள்ளிக்கிழமை.”

“தவக்காலத்து வெள்ளியோ!”

இது அதிகாரியின் கேள்வி அல்ல. மொழிபெயர்ப்பாளரின் சொந்த வாயிலிருந்து தப்பி வந்தது. “மன்னிக்கவும்” என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாக இங்கிலீஸுக்குத் தாவினார்.

“நாற்பது நாளும் நான் சுத்தபோசனம்,” என்றாள் வினோஜா. “இறைச்சி தொடேல்லை. எங்கட விசா கெதியா வரவேணும், ரெண்டு பேரும் சேரவேணும் எண்டு நேந்து இருந்தனான். அவரும் இருக்கிறன் எண்டு மாதாவுக்கு முன்னால சொன்னவர். எங்கட கரை முழுக்க மீன் கிடக்கு, மீன் திண்ணலாம். அந்த மனுசன் ஒரு வெள்ளிக்கிழமை வாயைக் கட்டேலாமல், எங்கட நேத்தியை ரோல்ஸோட சேத்து விழுங்கினார். நான் எப்பிடிக் கதைப்பன்?”

அதிகாரி எங்களைக் காத்திருக்கச் சொன்னார். மெல்ரொன் அங்கே வேறொரு இணைப்பில் காத்துக்கொண்டிருந்தான். முதலில் அவனிடம் தனியாகக் கேட்கப்போகிறாராம். திரை கறுத்தது. ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு இன்னும் ஒரு ஐந்து வயது கூடியது. நான் “பிள்ளை” என்றேன். “இப்ப கதைக்காதைங்கோ” என்றாள்.

திரை வெளித்தது.

“உங்கட புருசனும் ரோல்ஸைத்தான் சொல்றார்,” என்றார் மொழிபெயர்ப்பாளர். நான் மூச்சு விட்டேன். “ஒரு ரோல்ஸ் எண்டு சொல்றார்.”

“ஒண்டோ?” என்றாள் வினோஜா.

“ஓம். ஒண்டு.”

‘ஓம் என்று சொல்லு பிள்ளை, ஒன்றென்று சொல்லிவிடு’ என்று நான் மேசைக்குக் கீழே அவளுடைய காலைத் தட்டினேன். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் முடிந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“பொய்! ரெண்டு!”

“ரெண்டு எண்டு உறுதியாச் சொல்றியளோ? அவர் சொன்னதோட இது ஒத்துவராது.”

“என்ர ரெண்டு கண்ணால கண்டனான். அவரைக் கூப்பிடுங்கோ!”

அதிகாரி என்ன நினைத்தாரோ, மெல்ரொனையும் திரைக்குள் எடுத்தார். அவன் கழுத்துப்பட்டி கட்டி, வேர்த்துப்போய் இருந்தான்.

“எத்தினை ரோல்ஸ் திண்டனீங்கள்?” என்றாள் அவள். வணக்கம்கூட இல்லை.

“ஒண்டுதானப்பா. இப்ப போய் இதை...”

“மற்றது?”

“மற்றது டிரைவர் லக்ஷனுக்கு வாங்கினது.”

“லக்ஷன் வெள்ளிக்கிழமையில மச்சம் தொடமாட்டான்! வானுக்க முருகன் படம் தொங்கினதைக் காணேல்லையோ? சைவக்காரன் பிளேன்ரீ, நான் பிளேன்ரீ, நடுவில நீங்கள் மட்டும்!”

“நான் விரதமெண்டதை மறந்துபோனன் எண்டு அப்பவே சொன்னனான். நீர் காதில விழுத்தேல்லை.”

“மறந்த ஆள் ஏன் வானுக்குப் பின்னால போய் நிண்டு திண்டது?”

“வெயிலப்பா! நிழலுக்குப் போனனான்!”

“காலமை ஏழு மணிக்கு என்ன வெயில்?”

மொழிபெயர்ப்பாளர் முதல் நாலு வசனத்தை இங்கிலீஸில் சொன்னார். பிறகு ஓடிப் பிடிக்க முடியாமல் விட்டுவிட்டார். வினோஜா கதிரையை விட்டு எழுந்துவிட்டாள். மெல்ரொன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். என் கொப்பியில் ‘பிரபிள்’ என்று ஒரு சொல் உண்டு. அற்பக் காரியத்துக்கு விடாப்பிடியாகச் சண்டை பிடிப்பது. காதல் கடிதத்துக்கு ஒத்துவராது என்று அதைப் பதினேழில் நான் சேர்க்கவில்லை.

கடைசியில் மெல்ரொன் இரண்டு கையையும் தூக்கினான். “சரி. ரெண்டு. ரெண்டுதான். எனக்குப் பசி. முதல் நாள் முழுக்க நீர் என்னைப் பாத்துப் பாத்து அழுததில எனக்குச் சோறு இறங்கேல்லை. போதுமோ?”

வினோஜா டக்கென்று அடங்கினாள். இருந்தாள். “அதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே,” என்றாள், எனக்கே மட்டுமட்டாகக் கேட்ட குரலில்.

இதை மொழிபெயர்ப்பாளர் தவறாமல் மொழிபெயர்த்தார்.

அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். “ரெண்டு கிழமைக்குள்ள, உங்கட கையால, தமிழில, நடந்ததை எழுதி அனுப்பட்டாம்,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “முதல் கடிதம் எப்பிடி வந்தது எண்டு மாஸ்ரரும் தனிய ஒரு கடிதம் எழுதவேணும். சாதாரண இங்கிலீஸில. ‘சாதாரண’ எண்டதை அவர் ரெண்டு தரம் சொன்னவர்.”

“விசா?” என்றாள் வினோஜா.

“பொய்க் கையெழுத்து ஒரு பிரச்சினைதான் அம்மா. மேலதிகாரியோட கதைக்கவேணுமாம். முடிவு பிறகு வரும்.”

திரை கறுத்தது.

என்னுடைய கடிதம் நாலு வரி. எழுத இரண்டு நாள் எடுத்தது. வினோஜா தன்னுடையதை யாருக்கும் காட்டவில்லை. எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, என் கையால் தபாலில் சேர்க்கக்கூட விடவில்லை. அதற்குப் பிறகு நாற்பத்தொரு நாள் அவள் எங்கள் படலைப் பக்கம் வரவில்லை. கரையில் என்னைக் கண்டால் வணக்கம் சொல்வாள், அதற்கு மேல் இல்லை. ஸ்ரெல்லா கொப்பிகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன் சேலையில் முடிந்துகொண்டாள். நான் கேட்கவும் இல்லை.

நாற்பத்திரண்டாம் நாள் விடியற்காலை, நான் மீன் வாங்கக் கரைக்குப் போனபோது, வினோஜா வலைக்கு முன்னால் இருந்தாள். பக்கத்தில் போன் சத்தமிட்டது. ஈரக்கையைத் துடைத்து எடுத்துப் பார்த்தாள். அவளுடைய முகம் வெளிறியது. எழுந்து நேரே என்னிடம் வந்தாள்.

“மெல்ரொன் அனுப்பினவர். விசாக் கந்தோரில இருந்து வந்ததாம். அவர் வேலைக்குள்ள போயிட்டார், அவற்ர போன் இப்ப வேலை செய்யேல்லை. உள்ளதை உள்ளபடி வாசியுங்கோ மாஸ்ரர். ஒரு சொல்லுக் கூட்டினாலும் நான் மனுசியாய் இருக்கமாட்டன்.”

கண்ணாடியைத் துடைத்தேன். மூன்றே வரி. மிகச் சாதாரணமான, ஒரு குழந்தைக்கும் விளங்குகிற இங்கிலீஸ். முதல் வசனத்தில் முதல் கடிதம் பற்றி அவளுக்கு ஓர் எச்சரிக்கை, அதையும் அப்படியே வாசித்துச் சொன்னேன். இரண்டாவதை இரண்டு தரம் வாசித்தேன், பிழை விடக்கூடாதென்று.

“விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. முப்பது நாளுக்குள்ள கடவுச்சீட்டை அனுப்பட்டாம்.”

“வேற?”

“வேற இல்லை பிள்ளை. அவ்வளவுதான்.”

அவள் போனை வாங்கி இடுப்பில் செருகினாள். பின்னால் இரண்டாவது படகு கரை தட்டியது; வலையை இறக்கியவர்கள் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“நண்டெல்லாம் உயிரோட கிடக்கு மாஸ்ரர்,” என்றாள். “கழற்றி முடிச்சிட்டு வந்து அழுறன்.”